வகுப்பறை முதல் தூதரகம் வரை

சென்ற ஆண்டு விழாவில் நம் சங்கம் பரிசளித்த மாணவியருள் ஒருத்தி தாவரநூலில் முதுகலைப் பட்டம் பெற்றவள். மேடையை விட்டு இறங்கி வந்தவளை முன்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் அருகே அழைத்து வாழ்த்தினார், வாழ்த்திய வாயாலேயே, "கல்யாணம் எப்போது அம்மா?" என்றும் கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டாள். அந்த முதியவர் வேறு யாருமல்லர், இக்கட்டுரையை எழுதுபவனே. அன்பினால்தான் கேட்டேன். ஆயினும் வீடு திரும்பும் வழியெல்லாம் அக்கேள்வி என்னையே உறுத்தியது. அதே மேடையில் பரிசு பெற்ற இளைஞர் நால்வருள் ஒருவரிடமும் நான் அதைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

படித்த பெண்ணிடம் உலகம் கேட்கும் இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. வீட்டுத் திண்ணையில் மட்டுமன்றி, அரசாங்கத்தின் சட்டப் புத்தகத்திலும் அது எழுதப்பட்டிருந்தது. உச்ச நீதிமன்றம் வரை சென்றே அதற்கு விடை காண வேண்டியிருந்தது. அந்த வரலாற்றை நம் குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

பெண் தூது செல்வது தமிழர்க்குப் புதிதன்று. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, தன்மீது போர் தொடுக்க நினைத்த தொண்டைமானிடம் ஔவையாரைத் தூது அனுப்பினான். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலை அவருக்குத் திறந்து காட்டினான். ஔவையார் அப்படைக்கலங்களைப் புகழ்வது போலப் பேசினார். இவை மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்று, காவலுடைய மாளிகையில் அழகாக இருக்கின்றன. என் அரசனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றார். புறநானூற்றின் 95-ஆம் பாட்டு அது. புகழ்வது போல் எச்சரிக்கும் அந்தப் பேச்சு இன்றைய தூதர்களுக்கும் பாடமாகும். அந்தத் தொண்டைமானின் நாடு எது? காஞ்சியைத் தலைநகராகக் கொண்டு வடக்கே வேங்கடம் வரை பரந்த தொண்டை மண்டலம். அதாவது நாம் இன்று குடியிருக்கும் திருப்பதியும் சித்தூரும் அடங்கிய நிலப்பகுதி. தமிழிலக்கியம் போற்றும் பெண் தூதர் நம் பக்கத்து அரசனிடந்தான் வந்திருக்கிறார். வள்ளுவர் தூது என்று ஓர் அதிகாரமே வகுத்துத் தூதுவனுக்கு வேண்டிய தகுதிகளைச் சொன்னார். அப்பத்துக் குறளிலும் மணமாகியிருக்கக் கூடாது என்ற தகுதி எங்கும் இல்லை.

இனி நம் காலத்துக்கு வருவோம்.

1972-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு சபைக்குத் தலைமை வகித்தவர் ஜான் மார்தன் சிசே என்னும் பெண்மணி. அச்சபைக்குத் தலைமை தாங்கிய முதற் பெண் அவரே. மேற்கு ஆப்பிரிக்காவில் கினி நாட்டின் கங்கான் நகரில் 1926-இல் பிறந்தவர். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் பள்ளி ஆசிரியையாக வாழ்வைத் தொடங்கினார். நாட்டு விடுதலைக் கட்சியில் உழைத்தார். ஆப்பிரிக்க மாதர் அமைப்பின் செயலாளரானார். பிறகு ஐக்கிய நாடுகளில் தம் நாட்டின் தூதரானார். 1976 முதல் அமைச்சராகவும் விளங்கினார். 1984-இல் நடந்த இராணுவப் புரட்சியை அடுத்துச் சிறையும் கண்டு, 2017-இல் மறைந்தார். வகுப்பறை, அரசியல், தூதரகம் என்ற மூன்று வாயில்களையும் ஒரே பெண் ஒரே ஆயுளில் கடந்தார் என்பது வியப்புக்குரியது.

நம் நாட்டில், நம் பக்கத்தில், அவ்வழி எவ்வாறு திறந்தது என்று பார்த்தால் ஒரு செய்தி புலனாகிறது. இங்கே அந்த மூன்று வாயில்களையும் திறக்க மூன்று பெண்மணிகள் தேவைப்பட்டனர். மூவரும் தமிழர் அல்லர். ஆனால் மூவரையும் உருவாக்கியதில் சென்னை நகரத்துக் கல்லூரிகளுக்குப் பங்குண்டு. பிறமொழி நாட்டில் வாழும் தமிழராகிய நமக்கு, தமிழ் நகரத்துக்கு வந்து வளர்ந்த பிறமொழிப் பெண்களின் கதை அயலார் கதையாகத் தோன்றாது.

சித்தூர் மாவட்டம் 1911-இல் அமைந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறக்கும் வரை அது சென்னையைத் தலைநகராகக் கொண்ட மாகாணத்தின் ஒரு பகுதி. பெண்ணைக் கல்லூரியில் சேர்ப்பது என்றால், சித்தூரிலிருந்து காட்பாடி வழியாகவோ திருப்பதியிலிருந்து ரேணிகுண்டா வழியாகவோ ரயிலேற்றிச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். அனுப்பத் துணிந்த வீடுகள் மிகச் சில. அங்கே 1914-இல் கடற்கரைச் சாலையில் அரசினர் மகளிர் கல்லூரி ஒன்று தொடங்கப்பெற்றது. டாரதி டி லா ஹே என்ற ஆங்கில மாது அதன் முதல் தலைவி; பின்னர் அது ராணி மேரி கல்லூரி எனப் பெயர் பெற்றது. மறு ஆண்டே, 1915-இல், எலினர் மக்டூகல் அம்மையார் தலைமையில் மகளிர் கிறித்தவக் கல்லூரி தோன்றியது. நாம் சொல்லப் போகும் மூவரின் வாழ்வும் இவ்விரு கல்லூரிகளுள் ஒன்றன் வாயிலையேனும் கடந்து செல்கிறது.

முதலாமவர் ஜானகி அம்மாள். 1897-இல் தலைச்சேரியில் பிறந்தவர். தந்தையார் நீதித்துறை அலுவலர். ராணி மேரி கல்லூரியில் படித்துப் பின் மாநிலக் கல்லூரியில் 1921-இல் தாவரநூலில் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியையானார். செடியை வெட்டிக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்பெருக்கியின் கீழ் நோக்குவதைப் பெண்களுக்கு ஒரு பெண்ணே கற்பிப்பது அந்நாளில் அருமையான காட்சி. உறவிலேயே அவருக்கு மணம் பேசினார்கள். அவரோ, ஆசியப் பெண்களுக்கென அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக் கழகம் வழங்கி வந்த பார்பர் உபகாரச் சம்பளத்தைத் தேர்ந்துகொண்டு கப்பலேறினார். 1931-இல் அப்பல்கலைக் கழகத்தின் டாக்டர் பட்டம் பெற்றார். திருவனந்தபுரத்தில் மகாராஜா விஞ்ஞானக் கல்லூரியில் இரண்டாண்டுகள் தாவரநூற் பேராசிரியராக இருந்து, 1934-இல் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார்.

இங்கே சற்று நின்று கரும்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் சித்தூர்ப் பக்கத்துக் கொல்லைகளைக் கண்டவர்க்கும், ஆலையடியில் காய்ச்சிய பாகின் மணத்தை அறிந்தவர்க்கும் அது சுவையான செய்தியாகும். இனிப்பு மிகுந்த பருத்த கரும்பு கீழைத் தீவுகளிலிருந்து வந்தது. சாறு மிகுதி, ஆனால் நோயைத் தாங்காது, வறட்சியைத் தாங்காது. நம் ஆற்றங்கரைகளில் தானாகவே வளரும் நாணல் வகைக் காட்டுக் கரும்போ மெலிந்தது, இனிப்பும் இல்லை, ஆனால் எதையும் தாங்கும். இவ்விரண்டையும் கலப்பு மணம் செய்வித்து இனிமையும் உறுதியும் சேர்ந்த கரும்பைப் பெறுவதே கோயம்புத்தூர் நிலையத்தின் தொழில். அவ்வாறு பிறந்த கோ 205 என்ற வகை 1918-இல் வெளிவந்தது. 'கோ' என்ற எழுத்து கோயம்புத்தூரைக் குறிக்கும். எந்தக் கலப்பு நிலைக்கும், எது நிலைக்காது என்பதை அறியச் செடியின் உயிரணுவுக்குள் இருக்கும் குரோமோசோம்களை எண்ண வேண்டும். காட்டுக் கரும்பில் அவ்வெண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறும். நூலினும் நுண்ணிய அவ்விழைகளை எண்ணிக் கணக்கெடுத்ததும், கரும்பை அதன் தொலை உறவான புல்லினங்களோடு, மக்காச்சோளத்தோடும்கூட, கலந்து பார்த்ததும் ஜானகி அம்மாளின் பணி.

பணி சிறந்தது, ஆனால் தனித்து வாழும் பெண்ணாகவும், உயர்குடி எனப் பெறாத வகுப்பில் பிறந்தவராகவும் இருந்த அவருக்கு ஆண்களே நிறைந்த அந்நிலையத்தில் வாழ்வு எளிதாக இருக்கவில்லை. 1939-இல் எடின்பரோவில் கூடிய மரபியல் மாநாட்டுக்குச் சென்றார், போர் மூண்டது, அங்கேயே தங்கிவிட்டார். குண்டு விழும் இலண்டனில் ஜான் இன்னஸ் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்தார். டார்லிங்டன் என்ற அறிஞருடன் சேர்ந்து, பயிரிடப் பெறும் தாவரங்களின் குரோமோசோம் பட்டியல் நூலை 1945-இல் வெளியிட்டார். விஸ்லியில் உள்ள அரச தோட்டக் கலைக் கழகத்தின் தோட்டத்தில் அவர் பெயர் தாங்கிய மக்னோலியா மரம் ஒன்று உண்டு. 1951-இல் பிரதமர் நேரு அழைக்கத் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார். 1955-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், மனிதன் பூமியின் முகத்தை மாற்றிவரும் விதம் குறித்து உலக அறிஞர் கூடிய கருத்தரங்கில் பங்கு பெற்ற ஒரே பெண் அவர். 1984-இல் சென்னையை அடுத்த மதுரவாயிலில் தம் செடிகளுக்கிடையே இருந்த நாளில் மறைந்தார். மணம் செய்துகொள்ளவே இல்லை. இன்றைக்கும் அவரைப் பற்றிப் பேசுவோர் அதை ஒரு குறை போலவோ தியாகம் போலவோ குறிப்பிடாமல் விடுவதில்லை; நானும் இப்போது குறிப்பிட்டுவிட்டேன் பாருங்கள்.

இரண்டாமவர் லட்சுமி என். மேனன். 1899-இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். ராணி மேரி கல்லூரியில் ஆசிரியையாகத் தொடங்கி, கல்கத்தாவில் கோகலே நினைவுப் பள்ளியிலும், இலக்னோவில் இசபெல்லா தோபர்ன் கல்லூரியிலும் கற்பித்தவர். இலண்டனில் படித்த நாளில், 1927-இல், சோவியத் புரட்சியின் பத்தாம் ஆண்டு விழாவுக்கு மாணவர் பிரதிநிதியாக மாஸ்கோ சென்றார். அங்கே ஜவஹர்லால் நேருவின் அறிமுகம் கிடைத்தது. 1930-இல் பேராசிரியர் நந்தன் மேனனை மணந்தார். மணம் அவர் பணியை நிறுத்தவில்லை. அகில இந்திய மாதர் மாநாட்டின் வழியாகப் பொதுவாழ்வில் முன்னேறினார்.

அவருடைய பெரும்பணி 1948-இல் நிகழ்ந்தது. மனித உரிமைகளின் உலகப் பிரகடனம் ஐக்கிய நாடுகளின் மூன்றாம் குழுவில் சொல் சொல்லாக விவாதிக்கப்பட்ட நேரம். இந்தியாவின் பிரதிநிதிகளுள் அவர் ஒருவர். 'எல்லோரும்' என்று எழுதினால் போதாதா, பெண்கள் என்று தனியே சொல்வானேன் என்று சிலர் கருதினர். லட்சுமி மேனன் விடவில்லை. ஆண் பெண் என்ற வேறுபாடு காட்டலாகாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லியே ஆக வேண்டும், ஆணும் பெண்ணும் சம உரிமை உடையவர் என்பது முகவுரையிலேயே நிற்க வேண்டும் என்று வாதாடினார். பெண்களையும் அடிமை நாட்டு மக்களையும் வெளிப்படையாகக் குறிப்பிடாவிட்டால், 'எல்லோரும்' என்ற சொல்லுக்குள் அவர்களை யாரும் சேர்க்க மாட்டார்கள் என்பது அவர் கருத்து. வகுப்பில் பல்லாண்டு நின்றவர்க்கு இது தெரியும். பெயர் சொல்லி அழைக்காவிட்டால் பின்வரிசைப் பிள்ளை எழுந்து நிற்பதில்லை. அவ்வாண்டு டிசம்பர் 10-ஆம் நாள் பாரிஸ் நகரில் பிரகடனம் நிறைவேறியது. முகவுரையில் அச்சொற்கள் இருக்கின்றன. அதன் முதல் விதியில் ஆண்களை மட்டும் குறிப்பதாக இருந்த சொல்லை மாற்றி மனிதப் பிறவிகள் அனைவரையும் குறிக்குமாறு செய்தவர் ஹன்ஸா மேத்தா என்ற மற்றோர் இந்தியப் பெண்மணி.

அடுத்து ஐக்கிய நாடுகள் செயலகத்தில் மகளிர் நிலை பற்றிய பிரிவுக்கு லட்சுமி மேனன் தலைமை வகித்தார். 1952-இல் பீகாரிலிருந்து ராஜ்ய சபைக்குத் தேர்வானார். வெளியுறவு அமைச்சகத்தில் முதலில் நேருவின் பார்லிமெண்டரிச் செயலாளர், 1957 முதல் துணை அமைச்சர், 1962 முதல் இராஜாங்க அமைச்சர் என்று ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் இருந்தார். 1994-இல் மறைந்தார்.

மூன்றாமவரைப் பற்றிச் சொல்லுமுன், நம் மாவட்டத்தார் ஒருவரை நினைவு கூர வேண்டும். திருத்தணியில் 1888-இல் பிறந்து, திருப்பதியில் லூத்தரன் மிஷன் பள்ளியில் பயின்ற சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவ ஆசிரியராகத் தொடங்கி, 1949-இல் சோவியத் நாட்டுக்கு இந்தியத் தூதராகச் சென்றார். திருத்தணி அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1960 ஏப்ரல் முதல் நாளன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. வகுப்பறையிலிருந்து தூதரகத்துக்கும், அங்கிருந்து நாட்டின் தலைமைப் பதவிக்கும் சென்ற அவரால் நமக்குப் பெருமை. ஐந்து பெண்களுக்கும் ஒரு மகனுக்கும் தந்தையான குடும்பஸ்தர் அவர். குடும்பப் பொறுப்பு உங்கள் பணிக்குத் தடையாகுமா என்று அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மாஸ்கோவில் அவருக்கு முன் தூதராக இருந்தவர் விஜயலட்சுமி பண்டிட். 1944-இலேயே கணவரை இழந்தவர். மேலும் அவர் அரசியல் வழியாக நியமனம் பெற்றவர். தேர்வெழுதிப் பணியில் சேர்ந்தவர் அல்லர்.

தேர்வெழுதிச் சேர்ந்த முதற் பெண் சி. பி. முத்தம்மா. 1924-இல் குடகு நாட்டின் விராஜ்பேட்டையில் பிறந்தார். வனத்துறை அலுவலரான தந்தையார், மகளுக்கு ஒன்பது வயதாகும்போது இறந்தார். நான்கு பிள்ளைகளையும் படிக்கவைத்தே தீருவது என்று தாயார் உறுதி பூண்டார். மடிக்கேரியில் பள்ளிப் படிப்பு. சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் பட்டம். மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலை. ஜானகி அம்மாள் முன்பு கற்பித்த அதே கல்லூரியில் இவர் படித்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். 1948-இல் மத்திய அரசின் பெருந்தேர்வில் வெற்றி பெற்றார். லட்சுமி மேனன் பாரிஸில் ஆண் பெண் சமத்துவத்துக்காக வாதாடிய ஆண்டும் அதுவே.

நேர்முகத் தேர்வில் வெளியுறவுப் பணி பெண்ணுக்கு ஏற்றதன்று என்று சொல்லி அவர் மனத்தை மாற்ற முயன்றார்கள். அவர் மாறவில்லை. 1949-இல் பணியில் சேர்ந்தபோது, மணம் செய்துகொண்டால் வேலையை விட்டுவிடுவேன் என்று எழுதிக் கையொப்பமிட வேண்டியிருந்தது. அவ்வாறே நிகழ்ந்ததற்கும் சான்று உண்டு. ராமா மேத்தா என்பவர் வெளியுறவுப் பணியில் சேர்ந்து, உடன் பணியாற்றிய ஜகத் மேத்தாவை மணந்தார். மனைவி வேலையை விட்டார். கணவர் பணியில் தொடர்ந்து 1976-இல் வெளியுறவுச் செயலாளரானார். வெளியேறிய அம்மையார் ஆங்கிலத்தில் நாவலாசிரியையாகி 1979-இல் சாகித்ய அகாடமி பரிசு பெற்றார். இலக்கியத்துக்கு அது ஆதாயமே. ஆனால் வேலையை விட்டவர் மனைவி மட்டுமே.

1961-இல் வெளியுறவுப் பணிக்கான விதிகள் எழுத்தில் வகுக்கப்பட்டன. ஒரு விதி, பணியில் உள்ள பெண் மணம் செய்துகொள்ளுமுன் அரசின் எழுத்து மூலமான அனுமதி பெற வேண்டும் என்றது. மணத்துக்குப் பின் அவளுடைய குடும்பக் கடமைகள் பணிக்குத் தடை என்று அரசு கருதினால் எப்போது வேண்டுமாயினும் விலகச் சொல்லலாம் என்றும் சொன்னது. மற்றொரு விதி, மணமான பெண் எவளும் இப்பணியில் நியமனத்தை உரிமையாகக் கோர முடியாது என்றது. இவ்விதிகள் பிறந்த ஆண்டில் அதே அமைச்சகத்தின் துணை அமைச்சர் லட்சுமி மேனன் என்னும் மணமான பெண்மணி! விதிகளின் பழியை அவர்மேல் ஏற்றுவது முறையன்று. ஆயினும், கணவருள்ள பெண் அமைச்சராக இருந்து வெளிநாட்டுக் கொள்கையைப் பார்லிமெண்டில் விளக்கலாம், அவளுக்குக் கீழே ஒரு செயலாளராக அமர்ந்து கோப்புப் பார்க்க மட்டும் உரிமை இல்லை என்ற நிலையை என்னென்று சொல்வது? அரசியல் வாயில் திறந்தபோது உத்தியோக வாயில் பூட்டியே இருந்தது. நம் அரசியல் சட்டத்தின் 16-ஆம் விதி, அரசுப் பணியில் ஆண் பெண் வேறுபாடு கூடாதென்று 1950 முதலே சொல்லிக்கொண்டிருந்தது என்பதையும் மறக்கலாகாது.

முத்தம்மா மணம் செய்துகொள்ளவில்லை. பாரிஸ், ரங்கூன், இலண்டன் முதலிய நகரங்களில் பணிபுரிந்தார். 1970-இல் ஹங்கேரிக்குத் தூதரானார்; பணியில் படிப்படியாக உயர்ந்து தூதரான முதல் இந்தியப் பெண் அவர். பின்னர் மேற்கு ஆப்பிரிக்காவில் கானா நாட்டின் தலைநகர் ஆக்ராவில் இந்தியாவின் ஹை கமிஷனராக இருந்தார். கட்டுரையின் தொடக்கத்தில் நாம் கண்ட ஆப்பிரிக்க ஆசிரியை பிறந்த கினிக்கு நெடுந்தொலைவு அல்லாத நாடு அது.

எழுபதுகளின் பிற்பகுதியில் முதல் நிலைக்குரிய பதவி உயர்வு அவருக்கு மறுக்கப்பட்டது. இளையவர்கள் முந்திச் சென்றார்கள். முப்பதாண்டு அனுபவமுள்ள தூதர் ஒருவர், பணியில் இருந்துகொண்டே, தம் அரசாங்கத்தின்மீது உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். தூதர் என்றால் அரசின் வாயாக இருப்பவர். அவ்வாயே அரசுக்கு எதிராகப் பேசியது என்றால் எத்தனை நாள் பொறுத்திருந்து பேசியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பெண் என்ற காரணத்தாலேயே தமக்கு அநீதி நிகழ்ந்தது என்றார். மணம் குறித்த அவ்விரு விதிகளையும் எடுத்துக் காட்டினார். வழக்கு நடக்கும்போதே அரசு அவருக்குப் பதவி உயர்வை அளித்துவிட்டது. அரசாங்கங்களுக்கு இந்தத் தந்திரம் கைவந்த கலை. கேட்டது கிடைத்துவிட்டபடியால் வழக்குத் தள்ளப்பட வேண்டும் என்பது அரசின் வாதம்.

1979 செப்டம்பர் 17-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயரும் நீதிபதி சிங்காலும் விசாரித்தனர். தீர்ப்பை எழுதியவர் கிருஷ்ண ஐயர். பாலக்காட்டில் பிறந்து, சென்னையில் சட்டம் பயின்றவர். வழக்கு தள்ளப்பட்டது உண்மையே; ஆனால் தள்ளும்போதே அவர் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லிவிட்டார். பெண்ணுக்கு மட்டும் மணம் தடையென்றால் அது வெளிப்படையான பாரபட்சம். குடும்பக் கடமை பணிக்கு இடையூறு என்றால் மணமான ஆணுக்கும் அது இடையூறாகலாமே என்று கேட்டார். எல்லாப் பணிகளிலும் எல்லாச் சூழல்களிலும் ஆணும் பெண்ணும் ஒன்றே என்று தாம் சொல்லவில்லை என்பதையும், வேறுபாடு வேண்டும் என்போர்தாம் காரணம் காட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். நியமனம் குறித்த விதி 1973-இலேயே நீக்கப்பட்டது என்றும், மண அனுமதி குறித்த விதியும் நீக்கப்பட இருக்கிறது என்றும் அரசு தரப்பில் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்கப்பட்டது. முத்தம்மாவின் பணி மூப்பை மீண்டும் ஆராயும்படி நீதிமன்றம் அரசுக்கு ஆணையிட்டது. முறைப்படி பார்த்தால் தோற்ற வழக்கு. அதனால் வென்றவர்கள் அவருக்குப் பின் வந்த பெண்கள். 2001-இல் சோகிலா ஐயர் முதற் பெண் வெளியுறவுச் செயலாளராக அமர்ந்தார்.

ஒரு செய்தியை இங்கே சொல்லாமல் விடுவதற்கில்லை. இம்மூவருள் இருவர் மணமாகாதவர். நெடுங்காலம் அரசாங்கமும் சமூகமும் சேர்ந்து, படிப்பையும் வீட்டையும் தராசின் இரு தட்டுகளில் வைத்து, ஒன்றை எடுத்துக்கொள் என்று பெண்ணிடம் மட்டும் சொல்லிவந்தன. ஜானகி அம்மாளும் முத்தம்மாவும் தாமாக விரும்பித் தனித்திருந்தார்கள் என்று சொல்லலாம். விருப்பம் என்று நாம் சொல்வதில் எவ்வளவு பகுதி விருப்பம், எவ்வளவு பகுதி கையொப்பமிட்ட காகிதம் என்பதை அந்தக் காகிதத்தை நீட்டியவர்கள்தாம் சொல்ல வேண்டும்.

இப்போது நம் ஊருக்குத் திரும்புவோம். 1952-இல் திருமலை திருப்பதி தேவஸ்தானம் திருப்பதியில் பத்மாவதி மகளிர் கல்லூரியைத் தொடங்கியது. 1954-இல் வேங்கடேசுவரப் பல்கலைக் கழகம் வந்தது. 1983-இல் மகளிர்க்கென்றே தனிப் பல்கலைக் கழகம் இவ்வூரில் அமைந்தது. ரயிலேறிச் சென்னைக்குப் போய்ப் பெற வேண்டியிருந்த கல்வி நம் தெருக்கோடிக்கு வந்துவிட்டது. நம் குடியிருப்பில் பெண்ணைப் படிக்கவைக்காத தமிழ்க் குடும்பம் எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை. படித்த பிறகுதான் தயக்கம். விஞ்ஞானம் கற்ற பெண் பள்ளி ஆசிரியை ஆகலாம், அது 'பாதுகாப்பான' வேலை. ஆராய்ச்சிக்கு வெளியூர் போவதோ, பெருந்தேர்வு எழுதித் தில்லிக்குப் போவதோ 'வரன் அமைந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்ற பேச்சை நம் கூடங்களில் நான் கேட்டிருக்கிறேன். பேசியவர்களுள் என் வீட்டாரும் உண்டு. 1961-ஆம் ஆண்டு விதியைத் தில்லியில் அடித்துவிட்டார்கள். அதன் படி ஒன்று நம் வீடுகளில் இன்னும் பத்திரமாக இருக்கிறது போலும்.

முத்தம்மா நெதர்லாந்தில் தூதராக இருந்து 1982-இல் ஓய்வு பெற்றார். சுவீடனின் ஓலொஃப் பால்மே தலைமையில் ஆயுதக் குறைப்புப் பற்றி ஆராய 1980-இல் அமைந்த உலகக் குழுவில் அமெரிக்காவின் சைரஸ் வான்ஸ், நார்வேயின் புருண்ட்லாண்ட் அம்மையார், மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜீரியாவிலிருந்து ஒபசாஞ்சோ ஆகியோருடன் அவரும் ஓர் உறுப்பினர். படைக்கலக் கொட்டிலைக் கண்டு தொண்டைமானிடம் பேசிய ஔவையார் அப்போது என் நினைவுக்கு வந்தார். ஓய்வுக் காலத்தில் தம் பணி அனுபவங்களை ஒளிவு மறைவின்றி ஒரு நூலாக எழுதினார். குடகு நாட்டுச் சமையலைப் பற்றியும் ஒரு நூல் செய்தார். தில்லியில் தமக்கிருந்த நிலத்தை அநாதைக் குழந்தைகள் இல்லத்துக்காக அன்னை தெரேசாவின் சபைக்கு வழங்கினார். 2009 அக்டோபரில் பெங்களூரில் காலமானார்.

சென்ற ஆண்டு பரிசு பெற்ற அந்தப் பெண் இவ்வாண்டு விழாவுக்கும் வருவாள் என்று அவள் தாயார் சொன்னார். இம்முறை அவளிடம் அவள் ஆராயும் செடியைப் பற்றிக் கேட்கலாம் என்று இருக்கிறேன்.